பிழைப்பும் பிழையும்: கண்டிச்சீமை எழுத்தில் அழிவுக்குப் பிந்திய அறம்

தமிழில் ‘பிழை’ என்ற வேர் இரண்டு பக்கமாகக் கிளைக்கிறது. நெறி தவறினாலும் பிழை, சாவிலிருந்து தப்பினாலும் பிழை. ‘பெரிய பிழை செய்துவிட்டான்’ என்கிறோம். அதே வாயால் ‘நல்லகாலம், பிள்ளை பிழைத்துக்கொண்டது’ என்றும் சொல்கிறோம். ‘பஞ்சம் பிழைக்கக் கண்டிச்சீமைக்கு வந்தோம்’ என்பது இலங்கை மலையக வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பேச்சு. உயிர் தப்புவதையும் தவறு செய்வதையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழிக்கு, அந்த இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பது நெடுநாளாகத் தெரிந்திருக்கிறது.

உலகம் அழிந்தபின் எஞ்சியவர்களின் கதை மேற்கில் தனியொரு நாவல் வகையாக வளர்ந்திருக்கிறது. மேரி ஷெல்லி 1826இல் ‘த லாஸ்ட் மேன்’ நாவலில் கொள்ளைநோய் மனிதக் குலத்தைத் துடைத்தெடுப்பதை எழுதினார். கொர்மாக் மக்கார்த்தியின் ‘த ரோட்’ (2006) சாம்பல் மூடிய நாட்டில் ஒரு தகப்பனையும் மகனையும் தெற்கு நோக்கி நடக்கவிட்டது. இவ்வகை நாவல்கள் சுற்றிச்சுற்றி வருவது ஒரு கேள்வியைத்தான்: சட்டமும் சந்தையும் அயலும் இல்லாமற்போன இடத்தில், உயிரைக் காத்துக்கொள்ள ஒருவர் எதுவரை போகலாம்?

தமிழில் இப்படியான நாவல் அரிது என்பார்கள். நாளை வரப்போகும் அழிவைக் கற்பனை செய்தவை குறைவுதான். ஆனால் கண்டியைச் சுற்றிய மலைகளில் குடியிருந்தவர்களுக்கு உலகம் பல முறை முடிந்துபோயிருக்கிறது. ஊரைவிட்டு நடந்த நடையில் ஒரு முறை, கோப்பி பட்டபோது ஒரு முறை, குடியுரிமை போனபோது ஒரு முறை, எழுபதுகளின் பஞ்சத்தில் ஒரு முறை, வன்செயல்களின் தீயில் மீண்டும் மீண்டும். அதையெல்லாம் எழுதிய நாவல்களைத் ‘தோட்டத் தொழிலாளர் துயரம்’ என்ற அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அவற்றை அழிவுக்குப் பிந்திய நாவல்களாகப் படித்தால், அறம் பற்றிய கேள்வி வேறோர் ஆளின் வாசலில் போய் நிற்கிறது. அந்த ஆள் யார் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இரண்டு பழைய தீர்ப்புகள்

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஆபத்துக்கால தருமத்தைப் பேசும் பகுதியில் ஒரு கதை வருகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். பசியில் துவண்ட விசுவாமித்திரர், சண்டாளன் என்று கதை குறிக்கும் ஒருவனின் குடிசைக்குள் இரவில் நுழைந்து நாயிறைச்சியைத் திருடப் போகிறார். விழித்துக்கொண்ட வீட்டுக்காரன் ‘இது உங்களுக்குத் தகாது’ என்று வாதாடுகிறான். உயிர் இருந்தால்தான் தருமம் செய்ய முடியும் என்கிறார் முனிவர். இறைச்சியை எடுத்துச் சென்று சமைத்து, முதலில் தேவர்களுக்குப் படைக்கிறார். மழை பெய்கிறது.

வள்ளுவர் வேறு பக்கம் நிற்கிறார். பெற்ற தாய் பசியோடு கிடப்பதைப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்பது 656ஆம் குறளின் கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கமில்லாத தீர்ப்பு. பரிமேலழகர் உரை இங்கே வழி திறக்கிறது. முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயவை செய்தாவது அவர்களைக் காக்கலாம் என்று அறநூல்களில் பொதுவிதி உண்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த விலக்கு அரசியல் நடத்தும் அமைச்சருக்குச் செல்லாது என்கிறார். அந்தக் குறள் இருப்பதும் அமைச்சருக்குரிய ‘வினைத்தூய்மை’ அதிகாரத்தில்.

பசித்தவனுக்கு ஒரு நெறி, ஆள்பவனுக்கு அதைவிடக் கடுமையான நெறி. அழிவின் காலத்தில் தூய்மையை முதலில் யாரிடம் கேட்பது என்பதற்கு நம் மரபு தந்திருக்கும் அளவுகோல் இதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போவோம்.

நொக்ஸின் கயிறு

உலகின் முதன்மையான பிழைப்பு நாவலின் பின்னால் கண்டி இருக்கிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ஆங்கிலக் கப்பற்காரர் ரொபர்ட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வைக்கப்பட்டார். 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், 1719இல் டானியல் டிபோ எழுதிய ‘ரொபின்சன் குரூசோ’வுக்கு உரமானவற்றுள் ஒன்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சுமை வணிகம் செய்தார். அந்த நூலில் என்னை உலுக்கும் இடம் அவரோடு சிறைப்பட்டிருந்த தகப்பனின் சாவு. சிறைக்கிராமத்தில் தகப்பன் இறந்தபோது புதைக்க உதவி கேட்கிறார் மகன். ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்து, இதைக் கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போ, வேறு உதவி வேண்டுமானால் கூலி கொடு என்கிறார்கள். நோயில் மெலிந்திருந்த மகன் கூலி கொடுத்துத் தகப்பனைச் சுமக்கச் செய்து அடக்கம் பண்ணுகிறார். பிழைப்புக் கதைகளில் அறம் பெரும்பாலும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. சோற்றைப் பங்கிடுவதில் தொடங்கிப் பிணத்துக்குச் செய்யும் மரியாதையில் வந்து நிற்கிறது.

தப்பிய நொக்ஸ் பிறகு கப்பல் தலைவராகி அடிமை வணிகத்தில் இறங்கினார். குரூசோவும் அப்படித்தான். மூர்களிடம் அடிமைப்பட்டுத் தப்பியவன், தன்னோடு தப்பிய ஸூரி என்ற பையனைப் போர்த்துக்கேயக் கப்பல்காரனிடம் விற்றுவிடுகிறான். அடிமைகளை வாங்கப் போன பயணத்தில்தான் அவன் கப்பல் உடைகிறது. துன்பப்பட்டவன் தானாகவே நல்லவனாகிவிடுவான் என்ற எண்ணத்தை இந்த இரண்டு வாழ்க்கைகளும் உடைக்கின்றன. துன்பம் ஒரு பள்ளிக்கூடம் என்று கொண்டாலும், அங்கே என்ன படிப்பது என்பதை ஒவ்வொருவரும்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அரிப்பிலிருந்து மாத்தளைக்கு

1679இல் நொக்ஸ் கண்டியிலிருந்து தப்பி, அனுராதபுரக் காட்டு வழியாக, மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கரையில் இறங்கி, அதே காட்டுப் புறத்தின் ஊடாகக் கண்டியை நோக்கி எதிர்த்திசையில் நடந்தவர்கள் நம்மவர்கள். தலைமன்னார், அரிப்பு, வங்காலைக் கரைகளில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை சுமார் 150 மைல் நடை. 1820களில் கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டம் வழிகாட்ட, 1840களில் கண்டிக் காடுகள் வேகமாக விழுந்தன. அந்த ஒரு பத்தாண்டில் மடிந்த தொழிலாளர் 70,000 பேர் என்று அன்றைய கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பட்டினி. நோய் கண்டவர்களை வழியோரம் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது.

விட்டுப்போனவர்களுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? மக்கார்த்தியின் நாவல் இந்த இடத்தில் நமக்கு உதவும். தங்கள் வண்டியைத் திருடியவனைப் பிடித்த தகப்பன், அவன் உடைகளைக் கழற்ற வைத்துக் குளிரில் நிறுத்திவிட்டு நடக்கிறான். மகன் அழுகிறான். அந்த அழுகையால் திரும்பிப்போய் உடைகளை வைத்துவிட்டு வருகிறார்கள். தகப்பன் மகனின் உயிரைக் காக்கிறான், மகன் தகப்பனின் அறத்தைக் காக்கிறான். கண்டிப் பாதையிலும் இப்படி அழுத பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நிற்க முடியாத கூட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் இரண்டு பாதைகளுக்கும் நடுவே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மக்கார்த்தி தன் உலகம் ஏன் அழிந்தது என்று சொல்வதில்லை. காரணம் தெரியாததால் கேள்வி முழுக்க எஞ்சியவர்களின் தலையில் விழுகிறது. கண்டிப் பாதையின் அழிவுக்குக் காரணம் தெரியும். ஆள் ஒன்றுக்குக் கொடுத்த முன்பணம், தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தலைகளின் எண்ணிக்கை, காட்டை வாங்கியவரின் பெயர் எல்லாம் பேரேட்டில் ஏறியிருந்தன. வழியில் கிணறும் மடமும் மருந்தும் வைக்காமல் ஆட்களை வரவழைத்தது இயற்கையின் செயலல்ல. மாத்தளை சோமுவின் ‘கண்டிச்சீமை’, மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’ போன்ற நாவல்கள் இந்தத் தொடக்க காலத்துக்குத் திரும்பிச் செல்வது, அந்தப் பேரேட்டைத் திறந்து காட்டத்தான். தோட்டத்துரை சமூகத்தின் பக்கமிருந்து கிறிஸ்டின் வில்சன் கோப்பிக் காலத்தை எழுதிய ஆங்கில நாவல், இரா. சடகோபனின் மொழிபெயர்ப்பில் ‘கசந்த கோப்பி’யாகத் தமிழுக்கு வந்தது. இரண்டு பக்க எழுத்தையும் அருகருகே வைத்துப் படிக்க இன்று வாய்ப்பிருக்கிறது.

கோப்பியும் செத்தது. 1869இல் கண்ணில் பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் தோட்டங்களை முடித்தது. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வோர்ட், மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதே நோய் பரவ வழி செய்தது என்று கண்டார். துரைமார் நொடித்துப் போனார்கள், தொழிலாளருக்குச் சம்பளப் பாக்கி நின்றது. பட்ட கோப்பி மரங்கள் தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்குக் கப்பலேறின என்பார்கள். ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது. தொழிலாளர் குடியிருந்த லயம் மாறவில்லை.

கங்காணி என்ற இடைமனிதர்

பிழைப்புக் கதைகளில் தீர்ப்புச் சொல்லக் கடினமானவர் இடையில் நிற்பவர். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட பிரிமோ லெவி, 1986இல் வெளியான தன் நூலில், ஒடுக்கியவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வலயம் இருப்பதாக எழுதினார். முகாமை நடத்த உதவிய கைதிகள் அங்கே நிற்கிறார்கள். அவர்களை நிரபராதி என்று விடுவிக்கவும் முடியாது, முகாமைக் கட்டியவர்களோடு சேர்த்து நிறுத்தவும் முடியாது.

நம் கங்காணி நிற்பது அந்த வலயத்துக்குப் பக்கத்தில். பலர் தங்கள் ஊர்க்காரரையும் உறவினரையும் கூட்டி வந்தவர்கள். தலைக்காசு வாங்கினார்கள், கடனைக் கணக்கில் ஏற்றினார்கள், அந்தக் கடனைத் ‘துண்டு’ச் சீட்டில் எழுதி ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் முறைக்குக் கைகொடுத்தார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அதே கங்காணி கலியாணத்துக்கு முன்னின்றார், கோயில் எழுப்பினார், நோய்க்கு மருந்தெடுக்க அனுப்பினார். ஒடுக்குமுறைக்குள் மாமன், பெரியப்பன் என்ற உறவுமுறைகளைக் கலந்துவிட்டதால்தான் அந்த முறை நூறாண்டு நின்றது. மலையக நாவல்கள் பல அவரைக் கொடியவராக மட்டும் வரைந்து கடந்துவிட்டன. அவர் மனத்துக்குள் ஒரு நாவல் முழுக்கப் பயணிக்க வேண்டும். தன் மக்களை விற்றுத் தன் மக்களைக் காத்த மனிதனின் கதையை எழுதாமல் நம் அறவிசாரணை நிறைவு பெறாது.

ஒற்றைக் காம்பராவுக்குள் ஒழுக்கம்

அழிவு எப்போதும் இடியாக வருவதில்லை. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதை இதற்குச் சான்று. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் காம்பரா என்னும் ஒரே அறையில் படுத்தெழ வேண்டிய லயத்து வாழ்வு, ஒரு தகப்பனைத் தாங்க முடியாத வெட்கத்தில் தள்ளுவதை அது சொல்கிறது. அந்த மனிதன் கெட்டவனல்ல. கெட்டவனாகாமல் இருக்க ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் சுவர் வேண்டும், ஒரு கதவு வேண்டும். அதைக் கட்டிக்கொடுக்க மறுத்தவர்களே பிறகு லயத்து ஒழுக்கம் பற்றிப் பேசினார்கள். பரிமேலழகரின் அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துகிறது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) இதே வெளியை ஒரு பெண்ணின் வாழ்வு வழியாகப் பார்த்தது. விடியுமுன் ஆளெடுக்கும் பெரட்டு, மலையில் கொழுந்து, திரும்பினால் அடுப்பு, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தை. ஆண் எழுத்தாளர்கள் தியாகத்தின் சின்னமாக நிறுத்திய தோட்டத்துப் பெண், இந்த நாவலில் முடிவெடுக்கும் மனுஷியாக இருக்கிறாள். பிழைத்தலின் நாளாந்த வேலையைச் செய்தவள் அவள். அந்த வேலையின் அறச்சிக்கல்களும் அவளுடையவை. இருக்கும் ரொட்டியை மலைக்குப் போகிறவனுக்குக் கொடுப்பதா, மெலிந்த பிள்ளைக்குக் கொடுப்பதா என்ற முடிவு அரசசபையில் எடுக்கும் முடிவுக்குக் குறைந்ததல்ல.

கையெழுத்தால் வந்த அழிவு

1948இன் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் அளவான மக்களை ஒரே சட்டத்தால் நாடற்றவராக்கியது. வீடு எரியவில்லை, மரம் சாயவில்லை. மறுநாளும் பெரட்டுச் சங்கு ஊதியது. ஆனால் அவர்கள் நின்ற நிலம் அவர்களுடையதல்ல என்றாகிவிட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் உரியவரானார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, இந்த அழிவை உள்ளிருந்து பார்த்த எழுத்தாளர். அவருடைய ‘வீடற்றவன்’ என்ற தலைப்பே ஒரு மக்கள் கூட்டத்தின் சட்ட நிலையைச் சொல்கிறது. தொழிற்சங்கம் சேர்த்தவனை வேலைநீக்கப் பற்றுச்சீட்டுக் கொடுத்து விரட்டிய காலம் அது. விரட்டப்படுவோம் என்று தெரிந்தும் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் தங்கள் பிழைப்பைப் பணயம் வைத்துப் பிறர் பிழைப்பைக் காத்தவர்கள். மலையகப் பிழைப்பு அறத்தின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான்.

1973, 1974இல் அரிசியும் மாவும் அருகிப் பட்டினிச் சாவுகள் விழுந்தபோது, தோட்டங்களை விட்டிறங்கிய குடும்பங்கள் கண்டி உள்ளிட்ட மலைநாட்டுப் பட்டணங்களின் வீதியோரங்களில் கையேந்தி நின்றன. பின்னால் காணிப் பிரச்சினை வந்தது. தேசியமயமான தோட்டங்களின் நிலத்தைத் துண்டாடிக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற தொழிலாளர் கூட்டத்தில் 1977இல் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979) இந்தக் காலத்தின் நாவல். நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரண்டு ஏழைக் கூட்டங்கள், தோட்டத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும், அதில் வருகின்றன.

அங்கே இன்னோர் உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமவாசிக்கும் உலகம் ஒருமுறை அழிந்திருக்கிறது. 1818 கிளர்ச்சியை அடக்கியபோது வயல்களும் வீடுகளும் எரிந்தன. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனைநிலத்தையும் அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. ஓர் அழிவில் எஞ்சியவன் இன்னோர் அழிவில் எஞ்சியவனைப் பார்த்து ‘என் இடத்தைப் பிடித்தவன்’ என்று நினைக்கும்படி வரலாறு அமைந்துவிட்டது. தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்செயல்களில் அந்த நினைப்பு தீயானது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வேறொரு மக்கள்மீது அதே தீ விழுந்தது. அந்தந்த நாட்களில் அயலாரைத் தம் வீட்டுக்குள் மறைத்து வைத்த சிங்களக் குடும்பங்களும் இதே ஊர்களில்தான் இருந்தன. கும்பல் வாசலில் நிற்கும்போது ‘இங்கே யாருமில்லை’ என்று சொன்ன பொய், நம் காலத்தின் மிகத் தூய்மையான வாய்மை. அந்தக் கதவுக்கு உள்ளும் வெளியும் நின்றவர்களைப் பற்றிய பெரிய நாவல் தமிழிலும் சிங்களத்திலும் இன்னும் வரவேண்டும்.

என்ன கற்றோம்

இந்தப் பார்வையில் எனக்குத் தெளிவாகும் முடிவுகள் மூன்று. முதலாவது, அழிவுக்குப் பெயரும் தேதியும் கையெழுத்தும் இருந்தால், அறக்கேள்வியின் முதல் வரி கையெழுத்திட்டவரிடம் போக வேண்டும். பிழைத்தவரை மட்டும் கூண்டில் ஏற்றும் நாவல், தெரிந்தோ தெரியாமலோ மற்றவரைத் தப்பவிடுகிறது. இரண்டாவது, துன்பம் ஒருவரையும் தானாகப் புனிதராக்குவதில்லை. நொக்ஸ் அதற்குச் சாட்சி, கங்காணியும் சாட்சி. எஞ்சியவர்கள் தங்கள் பங்குப் பிழையை ஒப்புக்கொள்ளும் எழுத்து நமக்கு இன்னும் போதாது. மூன்றாவது, இந்த மலைகளில் தனியாளாகப் பிழைத்தவர் எவரும் இல்லை. மேற்கத்திய நாவல் ஒரு தகப்பனையும் மகனையும் தனியே நடக்கவிடுகிறது. இங்கே நடந்தது கூட்டம், வாழ்ந்தது லயம், எதிர்த்தது சங்கம்.

கண்டியைச் சுற்றிய தோட்டங்களிலும் கிராமங்களிலும் இன்றும் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதாமாதம் சிறு சந்தா. யாராவது இறந்தால் பெட்டிக்கும் கூடாரத்துக்கும் தேத்தண்ணிக்கும் அந்தப் பணம் போகும். எவ்வளவு முடையிலும் அந்தச் சந்தாவை நிறுத்தத் தயங்குகிறவர்கள் பலர். நொக்ஸிடம் நீட்டிய மாட்டுக்கயிற்றையும், மன்னார்ப் பாதையோரம் அடக்கமில்லாமல் கிடந்தவர்களையும் நினைத்தபடியே அந்தச் சந்தாப் புத்தகத்தைப் பார்க்கிறேன். வழியில் விட்டுவிட்டு வரவேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், இனி எவரையும் அப்படி விடமாட்டோம் என்று மாதம் தவறாமல் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நடத்தி வந்த பேரேட்டுக்கு அவர்கள் எழுதிய மறுபேரேடு அது. பிழைத்தவர்கள் தங்கள் பிழையைத் திருத்தும் இடம் அங்கே இருக்கிறது. கையெழுத்திட்டவர்களின் பக்கம் மட்டும் இன்னும் வெற்றுத்தாளாகவே கிடக்கிறது.